பார்த்ததுக்கு எவ்வளவு?

போன மழைக்காலத்துல எங்கட கூட்டாளி ஒருத்தனின் நானாவுடைய பைக் மூன்று கிழமைக்குள் நாலு தரம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதோட சரி. நானா ராவில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். பைக் லீசிங்கில் ஓடுது. உதைத்து ஸ்டார்ட் பண்ண கிக்கர் இல்லாத மொடல். ஆகவே மாளிகாவத்தை ஃப்ளெட் கீழே இரண்டு பொடியன்கள் பின்னால் தள்ள, செகண்ட் கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போவார். போன இடத்திலும் எஞ்சினை நிற்பாட்ட மாட்டார். கடை வாசலில் கொத்து வரும்வரை பதினைந்து நிமிஷம் பைக் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும், பெற்றோலும் போய்க்கொண்டிருக்கும்.

முதல் தரம் கராஜுக்குக் கொண்டு போனபோது பெட்டரி போய்விட்டது என்றார்கள். புதுசு போட்டாச்சு. பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள்தானே, அதையும் கொடுத்தாச்சு. மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் மறுபடியும் ‘டிக்’. இந்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி உள்ளே பிரஷ் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடியது. அடுத்தது ரிலே. அதற்குப் பிறகும் ‘டிக்’தான். நானா இந்த மூன்றுக்கும் கொடுத்த காசு அவர் ஒரு கிழமை முழுக்க ஓடி உழைப்பதைவிடக் கூட.

நாலாவது தரம் கராஜுக்குப் போகவில்லை. எங்களில் ஒருவனின் மச்சான் மருதானை டெக்னிகல் கொலேஜில் படிக்கிறான். 1893 இல் தொடங்கிய இடம். எங்கட வீடுகளிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் நாங்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அவன் ஒரு மஞ்சள் நிற மல்டிமீட்டரோடு வந்தான். பெட்டரியின் இரண்டு முனையிலும் கம்பியை வைத்துவிட்டு, “இப்ப அமத்துங்க நானா” என்றான். ‘டிக்’. மீட்டர் 12.4 என்று காட்டியது. பிறகு சிவப்புக் கம்பியை எடுத்து எஞ்சின் உடம்பில் வைத்தான், கறுப்பு பெட்டரியின் நெகட்டிவிலேயே இருந்தது. “இன்னொருக்கா அமத்துங்க.” 7 வோல்ட். அவன் சிரித்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த ஏர்த் வயர் ஒரு போல்ட்டில் பிடிக்கப்பட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்தப் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் மாதிரி. சேன்ட் பேப்பர் துண்டொன்றால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் பூசி, இறுக்கிப் பூட்டினான். பட்டனை அழுத்தினார் நானா. பைக் ஸ்டார்ட். சேன்ட் பேப்பரும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது.

இப்போ எல்லாரும் சொல்லும் முதல் வசனம்: “கராஜ்காரன் ஏமாத்திட்டான்.” நாங்களும் அன்றைக்கு அதைத்தான் சொன்னோம். அது பிழை என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அந்த பாஸ் ஏமாற்றவில்லை. அவர் ஊகித்தார். ஊகம் பிழைத்தது. பிழைத்த ஊகத்தின் செலவை நானா கட்டினார். இதற்குள்ளே பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால், ஊகிக்காமல் அளந்து பார்த்திருந்தால் பாஸுக்கு ஒரு சதமும் கிடைத்திருக்காது என்பதில்தான். யோசித்துப் பாருங்க. அரை மணித்தியாலம் மீட்டர் வைத்துத் தேடி, ஒரு போல்ட்டைத் தேய்த்துப் பூட்டி, “பிரச்சினை சரி, எண்ணூறு ரூபா தாங்க” என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? “ஒரு போல்ட் இறுக்கினதுக்கு எண்ணூறா?” என்றுதான். அதே நாங்கள் பெட்டரிக்கு ஆயிரக்கணக்கில் முகம் சுளிக்காமல் கொடுத்தோம், ஏனென்றால் கையில் பிடிக்க ஒரு சாமான் கிடைத்தது.

எங்கட ஊரில் சாமானுக்குக் காசு உண்டு, சாமான் பூட்டின கைக்கும் கொஞ்சம் கூலி உண்டு. பிழையைத் தேடிக் கண்டுபிடித்ததற்குக் காசு இல்லை. அப்படி இருந்தால் எந்த கராஜ்காரர்தான் தேடிக்கொண்டிருப்பார்? சாமானை மாற்றித்தான் பார்ப்பார். மாற்றிப் பார்ப்பதே அவருடைய தேடல், அதற்கான பில் எங்களுக்கு.

இதில் எங்கட பங்கும் பெரியது. நானா முதல் நாள் கராஜுக்குப் போய்ச் சொன்னது “பைக் ஸ்டார்ட் ஆகுதில்ல, என்னண்டு பாருங்க” என்று அல்ல. “பெட்டரி போய்ட்டு போல, ஒண்டு போட்டுத் தாங்க, ஏழு மணிக்கு வேலைக்கிப் போகணும்” என்றுதான் சொன்னாராம். நோயையும் மருந்தையும் அவசரத்தையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாஸ் தலையாட்டினால் பிறகு அவரைத் திட்டுகிறோம்.

இத்தனைக்கும் மீட்டர் கூட வேண்டியதில்லை, கண்ணும் காதும் கொஞ்சம் விழித்திருந்தால் அந்த பெட்டரியை வாங்காமல் விட்டிருக்கலாம். முன் லைட் நல்ல வெளிச்சமாக எரிந்தது. ஹோர்ன் முழுச் சத்தத்தில் அடித்தது. தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆனது. அந்த பைக் ஃபியூவல் இஞ்ஜெக்‌ஷன். பெட்டரி உண்மையிலேயே செத்திருந்தால் பெற்றோல் பம்ப் ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் பலனில்லை. கார்பரேட்டர் காலத்துப் பல பைக்குகளைப் பெட்டரி இல்லாமலே உதைத்து ஓட்டலாம், இவற்றை முடியாது. ஆக மூன்று சாட்சியும் “நான் இல்லை” என்று பெட்டரிக்காக வந்து நின்றன. ஒருவரும் கேட்கவில்லை.

எஞ்சினைச் சுற்றவைக்க செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கறன்ட் வேண்டும், பத்துக்கணக்கில் அம்பியர். லைட்டுக்கும் ரிலேக்கும் அதில் சின்னத் துண்டு போதும். வழியில் எங்கேயாவது ஒரு இணைப்பு உக்கியிருந்தால் சின்னக் கறன்ட் நெளிந்து போய்விடும், பெரிய கறன்ட் அதே இடத்தில் சிக்கிவிடும். அதனால்தான் ‘டிக்’ கேட்கும், மோட்டார் சுற்றாது. பெட்டரி மாற்றியதும் மூன்று நாள் ஓடியது ஏன் என்று நாங்கள் குழம்பினோம். பெட்டரியைத் தூக்கி வைக்கும்போது அந்த ஏர்த் வயர் அசைந்திருக்கும், போல்ட்டுக்கு அடியில் கொஞ்சம் சுத்தமான இரும்பு பட்டிருக்கும். நாலாவது மழையோடு பழையபடி.

பார்க்கும் முறை கஷ்டமானதல்ல, எங்களுக்கே விளங்கியது என்றால் பாருங்களேன். இரவு முழுக்க நின்ற பைக்கில் காலையில் பெட்டரியை அளந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12 என்றால் ஏறக்குறைய காலி. அது முதல் கேள்வி மட்டும்தான், கடைக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் பிழை. பாரம் ஏற்றிப் பார்க்காமல் பெட்டரியைத் தீர்ப்பளிக்க முடியாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் அந்த நேரத்தில் முனைகளில் எவ்வளவு காட்டுகிறது? 10 வோல்டுக்குக் கீழே தடாலென்று விழுந்தால் பெட்டரியைச் சந்தேகிக்கலாம். எங்களுக்குக் காட்டிய மாதிரி 12க்கு மேல் அசையாமல் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால், பெட்டரி கொடுக்கத் தயார், கறன்ட் போகத்தான் வழியில்லை. பிறகு வழியைத் தேட வேண்டியதுதான்: நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு, பொசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கு, நடுவில் ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கு. எல்லாம் பட்டனை அழுத்திக்கொண்டே. நல்ல இணைப்பில் அரை வோல்ட் கூட வராது. எங்கே வோல்ட் வருகிறதோ அங்கேதான் கள்ளன்.

‘டிக்’ கூட இல்லை என்றால் கதை வேறு: ஃபியூஸ், கில் சுவிட்ச், சைட் ஸ்டேண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல். (சின்னப் பிள்ளை ஒன்று கில் சுவிட்சைத் தட்டிவிட்டிருந்த பைக்கை ஒரு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு போன ஒருவர் எங்கட குழுவில் இருக்கிறார். பெயர் வேண்டாம்.) ‘டிக்டிக்டிக்’ என்று படபடத்தால் பெரும்பாலும் பெட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனை லூஸ்.

பெட்டரி திரும்பத் திரும்பப் போகிறது என்றால் ஓடும் பைக்கையும் அளக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். 13க்கும் கீழே என்றால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகியுலேட்டர் கெட்டு பெட்டரியை அவிக்கிறது. இது தெரியாமல் ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டரி வாங்குகிறவர்கள் எங்கட ஃப்ளெட்டிலேயே இருக்கிறார்கள், “இப்ப வாற பெட்டரி எல்லாம் சரியில்ல” என்று ஒரு தத்துவமும் வைத்திருக்கிறார்கள். மருதானை ட்ராஃபிக்கில் ஊர்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, மறுபடி செல்ஃப் அடிக்கும் டெலிவரி பைக்குக்கு சார்ஜ் ஏறவே நேரமில்லை என்பதும் உண்மை. அதோட எக்ஸ்ட்ரா லைட், அலாரம், ஃபோன் சார்ஜர்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் எங்களில் ஒருவன் செய்யப் போனான்: மீட்டரை அம்பியரில் வைத்துக்கொண்டு பெட்டரியின் இரண்டு முனையில் வைக்காதீங்க. நேரடி ஷோர்ட். பைக்கை நியூட்ரலில் வைத்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். வயரைக் கழற்றுவதானால் நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு வெட்கம் வருகிறது. ஓ/எல் விஞ்ஞானத்தில் ‘அழுத்த வித்தியாசம்’, ‘தடை’, ‘ஓமின் விதி’ எல்லாம் தமிழில் படித்தோம். நல்ல புள்ளியும் எடுத்தோம். அந்த 7 வோல்ட்தான் அழுத்த வித்தியாசம், அந்தப் பச்சைப் பூஞ்சணம்தான் தடை என்று ஃப்ளெட் கீழே நின்றபோது எங்களில் ஒருவருக்காவது தோன்றவில்லை. பரீட்சையில் வரும் சுற்று வரைபடத்தில் ஏர்த் வயர் உக்குவதில்லையே. கராஜில் இருக்கிறவருக்கோ அந்தச் சொற்கள் தேவையில்லை, அவருக்கு ‘கறன்ட் வருகுது, வரல்ல’ போதும், அதையும் பாதி சிங்களத்தில் சொல்வார். இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒருவரும் நடந்து போவதில்லை. 2013 இல் ஏ/எல்லில் தொழில்நுட்பத் துறை என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் அதற்குப் பிறகும் எங்கட வீடுகளில் “புள்ள ஆர்ட்ஸ் செஞ்சி கெம்பஸ் போய்ட்டு” என்பதில் இருக்கிற பெருமை “டெக்னிகல் கொலேஜ் போறான்” என்பதில் இல்லை. மீட்டரோடு வந்தவன் அந்த இரண்டாம் ரகம்.

மத்தியூ க்ரோஃபோர்ட் என்று ஒரு அமெரிக்கர் இருக்கிறார். அரசியல் தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு, கிடைத்த சிந்தனைக் குழாம் வேலையை விட்டு, ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை போட்டவர். 2009 இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். எங்கட வாசிப்பு வட்டத்தில் அதை எடுத்தபோது எல்லாரும் கைவேலையின் மாண்பு, அந்நியமாதல் என்று பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசினோம். நாங்கள் கவனிக்காமல் தாண்டிப்போனது வேறொன்று: பழைய பைக் ஒன்றில் தேடிச் செலவழித்த மணித்தியாலங்களுக்கு வாடிக்கையாளரிடம் எப்படி பில் போடுவது என்று அந்த மனிதர் திண்டாடும் இடம். முழுக்கப் போட்டால் அநியாயம் போல இருக்கிறது, போடாவிட்டால் கடை ஓடாது. தத்துவக் கலாநிதிக்கே அந்தக் கணக்கு தீரவில்லை என்றால் பஞ்சிகாவத்தையில் வெயிலில் குந்தியிருக்கும் பாஸிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்?

பஞ்சிகாவத்தை என்றதும் ஒன்று. எங்கட பகுதிக்கு வெளியே இருப்பவர்கள் அதை ஸ்பெயார் பார்ட்ஸ் தெரு என்று மட்டும் சொல்வார்கள், கொஞ்சம் நக்கலோடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதத்தில் 360 ரூபா அளவில். பெற்றோல் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிழமைக்கு 4 லீற்றர். கிழமைக்கணக்காக ஓடாமல் நின்ற பைக்குகளில் பெட்டரிகள் சார்ஜ் இறங்கி, உள்ளே தட்டில் சல்பேட் இறுகி, அப்படியே செத்தன. புதுசு வராது, வந்தாலும் விலை தொட முடியாது. அந்த ஐந்து வருஷமும் நாட்டின் பழைய பைக்குகள் ஓடியது இந்த மாதிரித் தெருக்களால்தான் என்பது எங்கட எண்ணம். கழற்றிய ரிலே, சுற்றிக் கட்டிய கொயில், வேறு பைக்கின் ரெகியுலேட்டரை வயர் மாற்றிப் பூட்டுவது, எல்லாம் அங்கே நடந்தது. அந்த அறிவைக் குறைத்து மதிப்பிட நாங்கள் வரவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வால்வ் இடைவெளி சொல்கிற ஆட்கள் அங்கே உண்டு, கண்ணால் கண்டோம்.

ஆனால் வோல்டுக்குச் சத்தமில்லை. காதால் கேட்டுப் பழகிய வித்தை மின்சாரத்தில் அரைவாசி தூரம்தான் கொண்டுபோகும். எலெக்ட்ரிகல் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடைகளில் போர்ட் வேறு தொங்குகிறது. பிழையாக வாங்கினால் வாங்கினதுதான். விலைகள் ஏறின பிறகு ஒரு பிழை ஊகம் முன்னரைவிட அதிகமாக வலிக்கிறது, அதுவும் பைக்கை வைத்தே பிழைக்கிறவருக்கு.

ஆக நாங்கள் கேட்பது பார்க்கிற கூலி. பைக்கைக் கொண்டுபோனதும், “அளந்து பார்க்க இவ்வளவு. என்ன பிழை எண்டு சொல்றது மட்டும். மாத்துறது பிறகு பேசுவோம்” என்று ஒரு தொகை. மீட்டர் நம்பரை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும், முடிந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னபோது எங்கட குழுவுக்குள்ளேயே சண்டை. ஏழைக்கு இன்னொரு செலவு என்றார்கள். நாங்கள் கேட்ட பதில் கேள்வி: டொக்டரை செனல் பண்ணும்போது என்ன செய்கிறோம்? அவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு “ஒண்டுமில்ல, ரெஸ்ட் எடுங்க” என்றாலும் காசு கொடுக்கிறோம், சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். ஒன்றுமில்லை என்ற செய்திக்குத்தான் அந்தக் காசு. பெட்டரி நல்லது என்ற செய்திக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

“பார்ட்ஸ் எங்ககிட்ட போட்டா அந்தக் காசக் கழிச்சித் தாறோம்” என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்க நல்லாயிருக்கும். எங்களுக்கு அதுவும் சரியாகப் படவில்லை. கழித்துத் தந்தால் பாஸுக்கு மறுபடியும் சாமானில்தான் லாபம், பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். பார்க்கிற கூலி தனியாக நிற்க வேண்டும், பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் “ஒண்டும் மாத்தத் தேவல்ல” என்று சொல்வதில் அவருக்கு நஷ்டம் இருக்காது.

போன மாதம் நானாவின் பைக் திரும்பவும் மக்கர் பண்ணியது, இந்த முறை ‘டிக்’ கூட இல்லை. மச்சானுக்குப் பரீட்சை. நாங்களே மீட்டரை எடுத்து அரை மணித்தியாலம் விளையாடிவிட்டுத் தோற்று, பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயசான சிங்கள பாஸிடம் தள்ளிக்கொண்டு போனோம். நானா முன்கூட்டியே ஒன்றும் சொல்லவில்லை. “ஸ்டார்ட் ஆகுதில்ல, என்னண்டு பாருங்க” என்று மட்டும் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். பாஸ் சைட் ஸ்டேண்டைப் பார்த்தார், கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டார், ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே பட்டனை அழுத்தச் சொன்னார். ஹேண்டில் இடப்பக்கம் திரும்பியபோது ஸ்டார்ட் ஆனது. ஹேண்டில் கழுத்தில் வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருந்தது. வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினார். இருபது நிமிஷம்.

“கீயத, பாஸ்?” என்றார் நானா.

“ஓன நே மல்லி, ப்ளேன்டீ எகக் அரன் தென்ன.”

எங்களுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. இந்தக் கட்டுரையை அப்போதே பாதி எழுதி வைத்திருந்தோம். நானா ப்ளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார், ஆயிரம் ரூபா நோட்டு ஒன்றை பாஸின் ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் மடித்து வைத்தார். பாஸ் அதை எடுத்து, விரித்துப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார்.